தன்னையே அழைக்கும் கணக்கு



நான் கணிதம் கற்பித்த நாளில், கணிப்பொறி பயின்றுவந்த மாணவன் ஒருவன் கரும்பலகையில் 'க = க + 1' என்று எழுதினான். எந்த எண்ணும் தன்னினும் ஒன்று மிகாது என்று கடிந்து அதனை அழித்துவிட்டேன். அது சமன்பாடன்று, 'க' என்னும் பெட்டியிலுள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டி அப்பெட்டியிலேயே இடுக என்னும் கட்டளை என்பதைப் பின்னரே அறிந்தேன். அவனைக் கடிந்தது என் பிழை.

ஆயினும், சார்புகளைக் கொண்டே நிரல் எழுதும் ஹாஸ்கெல் மொழி (1990-இல் தோன்றியது) என் கட்சி! அங்கே 'க' என்பதற்கு ஒருமுறை தந்த பொருள் மாறுவதில்லை. அண்மையில் பேத்தியின் கணிப்பொறியில் அவ்வரியையே அம்மொழியில் எழுதி, 'க'வின் மதிப்பைக் கேட்டேன். விடை வரவே இல்லை. 'க'வை அறிய 'க' வேண்டும். அதனை அறிய மீண்டும் 'க' வேண்டும்.

அடுத்துக் காரணீயப் பெருக்கத்தை இரண்டே வரிகளில் எழுதினேன். 0-க்கு விடை 1. ஏனைய எண்ணை, அதற்கு முந்திய எண்ணின் காரணீயப் பெருக்கத்தால் பெருக்குக. 5 என்றேன், 120 என்றது. இதுவும் தன்னையே அழைக்கும் கணக்குத்தான். எனினும் படிப்படியாக இறங்கி 0-இல் காலூன்றுகிறது. முதல் வரியை நீக்கிப் பார்த்தேன். கணக்கு 0-ஐயும் கடந்து குறை எண்களுக்குள் இறங்கிக்கொண்டே போயிற்று. நிறுத்துவதற்குப் பேத்திதான் வரவேண்டியதாயிற்று.