அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகள்



ஒரு நோயின் பெயரை உரக்கச் சொல்லக் கூசும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. 'அந்த வியாதி' என்று குரலைத் தாழ்த்திக்கொள்வோம். மேலைநாட்டார் அதற்கு நண்டின் பெயரை இட்டனர். நாம் புற்று என்றோம். ஓசையின்றி உள்ளிருந்தே வளர்வது என்னும் பொருளில் நம் சொல்லே பொருத்தமுடையது என்பது என் கருத்து.

அந்த அச்சத்தை எதிர்த்து எழுந்ததே அடையாறு புற்றுநோய் நிலையம். அதனை நிறுவியவர் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடியவர், 1927இல் சென்னைச் சட்ட மேலவை புகுந்தவர் என்பதோடு பாடநூல்கள் நிறுத்திக்கொள்கின்றன, அது போதாது. 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். மருத்துவராக இருந்தும் காக்க இயலாத அத்துயரமே மருத்துவமனை வேண்டும் என்னும் உறுதியாயிற்று. ஆயினும் அவ்வுறுதி கட்டடமாவதற்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன. இந்நோய் கண்டவர் பிழைப்பதில்லை, அவர்க்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்பதே அந்நாளில் அதிகாரத்தில் இருந்தோரின் எண்ணம். இந்திய மாதர் சங்கத்தின் வழியே நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று பன்னிரண்டு படுக்கைகளுடன் நிலையம் திறக்கப்பெற்றது.

அவர்தம் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அரசுப் பணி கைக்கெட்டிய நிலையில் அதை விடுத்து வந்த இளம்பெண் அவர். முதல் சில ஆண்டுகள் ஊதியமின்றியே உழைத்தார். கனடாவிலிருந்து கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி வந்து சேர்ந்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. இத்தகைய கருவி தலைநகருக்கன்றி ஒரு தொண்டு நிறுவனத்திற்கு முதலில் வாய்த்தது வியப்பன்றோ!

அங்கு வந்தோருள் வாய்ப்புற்றும் கருப்பைவாய்ப் புற்றும் கொண்டோர் மிகுதி. இரண்டும் தொடக்கத்திலேயே கண்டால் குணமாகக்கூடியன. ஆனால் வந்தோர் பலரும் நோய் முற்றிய பிறகே வந்தனர். புகையிலை மென்ற வாயில் ஆறாத புண். வலியில்லையே என்று விட்டுவிடுவர். பெண்களோ, உதிரப்போக்கைக் கணவரிடமும் கூறார். தாய்மார்களே, இந்தக் கூச்சம் நம் வீடுகளை விட்டு அகன்றுவிட்டது என்று என்னால் சொல்ல இயலவில்லை. ஆறாத புண்ணையும், வலியற்ற கட்டியையும், மாதவிலக்கு நின்றபின் காணும் உதிரத்தையும் மறைக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

1975இல் நடுவண் அரசு இதனை மண்டலப் புற்றுநோய் மையமாக ஏற்றது. 1981இல் சென்னை மக்களிடையே எவ்வகைப் புற்று எத்தனை பேரைத் தாக்குகிறது என்று பதிந்துவைக்கும் பணி இங்குத் தொடங்கிற்று. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்நிலையத்திற்கே வாழ்ந்த சாந்தா அம்மையார், 2021 ஜனவரியில் மறைந்தார். அவருடைய இல்லம் நெடுங்காலமாக அந்த வளாகத்திற்குள்ளேயே இருந்தது.