கருப்புத் திரையை நம்ம கைக்கு ஏத்தபடி மாத்துவது

இளம்பிள்ளையில இருந்து பேசுறேன். சேலைக்குப் பேர்போன ஊர், அதனால பின்னணியில தறிச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு டெர்மினல் பற்றிப் பேசுவோம். கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "4 ஜிபி ரேம் லேப்டாப். பெரிய எடிட்டரையும் பிரவுசரையும் சேர்த்துத் திறந்தா நின்னுடுது. என்ன செய்யலாம்?" டெர்மினலுக்குள்ளேயே விம், டிமக்ஸ், கிட் இந்த மூணையும் வைத்து முழு வேலையையும் செய்யலாம். பழைய லேப்டாப்பே தாராளமா போதும்.

அடுத்து எல்லாரும் செய்றது, யாரோ எழுதின 800 வரி கான்ஃபிக் கோப்பை இறக்கி அப்படியே போட்டுக்கிறது. அது வேண்டாம். பக்கத்துத் தறியில ஓடுற பாவைத் தூக்கிட்டு வந்து மாட்டினா நம்ம சேலை வராது. வெறும் கோப்பில் ஆரம்பிங்க. ஏதாவது இடைஞ்சல் பண்ணும்போது மட்டும் ஒரு வரி சேருங்க. 'இது எதுக்கு?' என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத வரி ஒண்ணுகூட அதில் இருக்கக் கூடாது.

ஒரு உதாரணம். விம்மில் எஸ்கேப் விசையை நிமிஷத்துக்கு நாலு தடவை தட்டணும். ஆனா அது மூலையில இருக்கு. ஏன் இப்படி? விம்முக்கு முன்னோடியான வீஐ எடிட்டரை பில் ஜாய் 1976இல் எழுதினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில், இன்னைக்கு டேப் இருக்கிற இடத்தில்தான் எஸ்கேப் இருந்தது. விசைப்பலகை மாறிடுச்சு, பழக்கம் மாறல. அதனால கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாத்திக்கோங்க. விரலுக்கு உடனே வித்தியாசம் தெரியும்.

ரெண்டாவது, டிமக்ஸ். கரண்ட் போனா வைஃபை போயிடும், சர்வரோடு இருந்த இணைப்பும் அறுந்திடும். ஓடிட்டிருந்த வேலையும் அதோட போயிடலாம். சர்வரில் டிமக்ஸுக்குள்ள வேலையைத் தொடங்கியிருந்தா அது அங்கேயே ஓடிட்டிருக்கும். திரும்ப வந்து 'டிமக்ஸ் அட்டாச்' கொடுத்தா விட்ட இடத்துல இருந்து தொடரலாம். ஒரு எச்சரிக்கை: கண்ட்ரோல்-பி எட்டலைன்னு பலர் அதை கண்ட்ரோல்-ஏ என்று மாத்துவாங்க. ஷெல்லில் வரியின் தொடக்கத்துக்குப் போவதும் அதே கண்ட்ரோல்-ஏதான். ரெண்டும் மோதும். தெரிஞ்சு மாத்துங்க.

மூணாவதுதான் எனக்கு முக்கியம்: தமிழ். மொழிபெயர்ப்பு, ஆவணம், சொல்பட்டியல் என்று வேலை செய்றவங்களுக்கு இது தினப்படி தொல்லை. விம்மில் டி விசையை ரெண்டு தடவை தட்டினா ஒரு வரி நீங்கணும். ஆனா கணினியில் தமிழ்99 ஓடிட்டிருந்தா அந்த இடத்தில் 'உ' இருக்கு. எடிட்டருக்குப் போறது 'உஉ'. வரி அப்படியே நிக்கும்.

இதுக்கு விம்முக்குள்ளேயே 'கீமேப்' வசதி இருக்கு. எழுதும்போது மட்டும் தமிழ் வரும், கட்டளை கொடுக்கும்போது விசைகள் ஆங்கிலமாகவே இருக்கும். மொழி மாத்த கண்ட்ரோலோடு 6. விம்மோடு வர்ற 'தமிழ்_டிஸ்கி' கோப்பு பழைய டிஸ்கி குறியாக்கத்துக்கானது. யூனிகோடுக்கு நாமே ஒண்ணு எழுதிக்கலாம். இடப்பக்கம் தட்டுற விசை, வலப்பக்கம் வர்ற எழுத்து, அவ்வளவுதான். எச் தட்டினா 'க', எச்சும் க்யூவும் தட்டினா 'கா'. 216 உயிர்மெய்யையும் கையால் அடிக்க வேண்டாம். 18 மெய், 12 உயிர்: பைதானில் ரெண்டு லூப் போதும்.

இன்னொரு சிக்கல் திரையில். டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு மாதிரி. 'கொ' நமக்கு ஒரே எழுத்து, கணினிக்கு ரெண்டு குறியீடு. எத்தனை கட்டம் ஒதுக்கணும் என்பதில் எடிட்டரும் டெர்மினலும் முரண்பட்டால் கர்சர் தள்ளி நிக்கும். காலிபர் மென்பொருளை எழுதிய இந்தியர் கோவித் கோயலின் கிட்டி உட்பட மூணு நாலு டெர்மினலில் 'கொக்கு, கௌதாரி, ஸ்ரீ' என்று எழுதிப் பாருங்க. எதில் கர்சர் சரியா நிக்குதோ அதை வச்சுக்கோங்க. நிக்கலைன்னா அந்தத் திட்டத்தில் பிழை பதிவு பண்ணுங்க. தமிழில் எழுதுற நாம சொல்லலைன்னா, உருவாக்குறவங்களுக்கு அது தெரியவே தெரியாது.

கடைசியா, இந்தக் கோப்புகளை எல்லாம் கிட்டில் போட்டு வைங்க. ஒவ்வொரு கமிட்டிலும் காரணத்தைத் தமிழிலேயே எழுதுங்க. லேப்டாப் போனாலும் பத்து நிமிஷத்தில் உங்க இடம் திரும்பக் கிடைக்கும். கடவுச்சொல்லை மட்டும் அதில் வைக்காதீங்க.

இந்த வாரம் ஒரே ஒரு வரி சேருங்க. எது, ஏன் என்று எழுதி அனுப்புங்க. அடுத்த பகுதியில் பேசுவோம்.