சுவருக்குள் ஓடும் கம்பி யாருடையது?

கட்டடத்துக்குள் ஓடும் தொலைபேசிக் கம்பி யாருக்குச் சொந்தம், வீடு மாறும்போது அந்த இணைப்பு என்னவாகிறது என்பது பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இதிலென்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வீட்டைப் புதுப்பிக்கும்போது குத்தகைக்காரர் தெரியாமல் ஒரு கம்பியை அறுத்துவிட்டால், அப்போது தெரியும் என்ன இருக்கிறதென்று.

நம் தோட்டப்புற மக்களுக்கு இந்தக் கேள்வி நெடுநாளாக எழவே இல்லை. காரணம், லயங்களில் கம்பியே கிடையாது. துரை பங்களாவிலும் தோட்ட ஆபீசிலும்தான் தொலைபேசி. அவசரம் என்றால் கிராணியிடம் போய் நிற்க வேண்டும். இத்தனைக்கும், 1959இல் பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சரானவர் நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன். துண்டாடலில் தோட்டங்கள் கைமாறிய நாளில், ஆளுக்குப் பத்து வெள்ளி சேர்த்து நிலம் வாங்கலாம் என்று 1960இல் கூட்டுறவுச் சங்கம் கண்டவரும் அவரே. நிலம் யாருக்குச் சொந்தம் என்று கேட்கக் கற்றுக்கொண்டோம். கம்பியைப் பற்றிக் கேட்கவில்லை.

1987இல் தொலைத்தொடர்பு இலாகாவின் சேவை நிறுவனத்தின் கைக்குப் போனது. 1998இல் தொடர்பு, பல்லூடகச் சட்டம் வந்தது. அதன் 235ஆவது பிரிவைப் பாருங்கள். வலையமைப்புச் சாதனத்தை வேண்டுமென்றோ கவனக்குறைவாகவோ மாற்றினாலும் அகற்றினாலும் சேதப்படுத்தினாலும் குற்றம். சட்டம் இயற்றியபோதே மூன்று லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்துவிட்டார்கள். வாடிக்கையாளரின் சொந்தக் கருவி இதில் சேராது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அப்படியானால் நிறுவனத்தின் கம்பி எங்கே முடிகிறது, என் கம்பி எங்கே தொடங்குகிறது? இந்த எல்லையைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் விளக்கிச் சொல்லலாம். புந்தோங்கில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் அம்மாவுக்கு யார் காட்டுவது?

செம்மோர் பக்கம் ஒரு பழைய தோட்டம் தாமானாக மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்த குடும்பம் ஈப்போவில் மலிவு விலை அடுக்குமாடிக்கு வருகிறது. முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன கம்பி சுவரில் இருக்கிறது. தொட்டால் குற்றமா, தொடாமல் இருந்தால் இணைப்பு வருமா என்று தெரியாது. பழைய எண்ணும் போயிருக்கும். செம்புக் கம்பி ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தொலைபேசி நிலையத்தில் போய் முடிவது. வட்டாரம் மாறி வேறு நிலையத்தின் கீழ் வந்தால் பெரும்பாலும் எண்ணும் மாறத்தான் செய்யும். லாஹாட் சாலையில் கடை வைத்திருப்பவருக்குப் பெயர்ப்பலகையை மாற்றி எழுதும் செலவு. வயதானவர்களுக்கோ மகனும் மகளும் மனப்பாடமாக வைத்திருந்த எண் போய்விடுகிறது. இதற்கு எந்தப் பலகையில் எழுதுவது?

அடுக்குமாடியைப் பொறுத்தவரை ஓர் ஆறுதல் உண்டு. 2015 ஜூனில் இங்கே நடப்புக்கு வந்த 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பயன்படும் கம்பிகளையும் அவை செல்லும் குழாய்களையும் பொதுச்சொத்து என்ற பட்டியலில் சேர்த்திருக்கிறது. மாடிப்படி, மின்தூக்கி போலத்தான். ஆனால் ஒரே உரிமையாளர் எல்லா வீட்டையும் வாடகைக்கு விட்டிருக்கும் கட்டடத்தில் குடியிருப்பவருக்கு இதனால் பயனில்லை. நம்மவர்களில் பலர் வாடகைக்காரர்கள் என்பதை மறக்கக்கூடாது.

அமெரிக்காவில் 1987 தொடங்கி வீட்டுக்குள் கம்பி போடுவதும் பழுதுபார்ப்பதும் கட்டண ஒழுங்குமுறையிலிருந்து விலக்கப்பட்டன. வெளிச்சுவரில் ஒரு பெட்டி. பெட்டிக்கு அப்பால் நிறுவனத்தின் பொறுப்பு, இப்பால் வீட்டுக்காரருடையது. ஏற்பாடு எளிமையானது. அங்கேயும் தந்திரம் நடந்தது. கட்டடத்துக் கம்பியை நிறுவனம் கட்டட உரிமையாளருக்கு விற்பது, பிறகு தான் மட்டும் பயன்படுத்துவதாக அவரிடமே குத்தகைக்கு எடுப்பது. போட்டி நிறுவனம் உள்ளே வர முடியாது. 2022 பிப்ரவரியில் அந்நாட்டு ஆணையம், இப்படி விற்றுக் குத்தகைக்கு எடுப்பது விதிகளுக்குப் புறம்பு என்று தெளிவுபடுத்தியது.

இங்கே இப்போது ஏன் பேச வேண்டும்? 2010இல் யூனிஃபை வந்ததிலிருந்து செம்புக்குப் பதில் கண்ணாடி இழை வீடு வீடாக நுழைகிறது. சுவரை மறுபடியும் துளைக்கிறார்கள், குழாயில் புதுக்கம்பி ஏறுகிறது. எல்லையை எழுதி வாங்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பி முடியும் இடத்தைக் குறித்த ஒரு தாள், சாவியோடு தரப்பட வேண்டும். வீட்டுக்குள் இருப்பதைக் குடியிருப்பவர் தம் செலவில் நகர்த்திக்கொள்ளும் உரிமை, வீடு காலியானபின் யாரும் பயன்படுத்தாத கம்பியை இத்தனை நாளுக்குள் நிறுவனம் எடுக்க வேண்டும் என்ற கெடு, இரண்டும் அதில் இருக்க வேண்டும். இதைத் தொடர்பு, பல்லூடக ஆணையம் விதியாக்கலாம். கட்டடத் துணைச்சட்டங்கள் மாநிலத்தின் கையில் இருப்பதால் பேராக் அரசும் தன் பங்கைச் செய்யலாம்.

அதுவரை, சொந்த வீட்டுக்காரர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் கட்டடத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய், கம்பிக்குழாயைப் பயன்படுத்த எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது, அது ஒருவருக்கு மட்டுமா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால், ஈப்போ மாநகர் மன்றத்தில் கட்டட ஆணையர் பிரிவு இருக்கிறது. புகாரை எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.