எதிரி நாட்டுப் பிள்ளை நம் வீட்டு விருந்தாளி

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர்களை எங்கே அனுப்பலாம் என்றே நாம் சிந்திக்கிறோம். வேற்று நாட்டிலிருந்து நம் வீட்டிற்கு வந்து தங்கும் ஒரு பிள்ளை நம் பிள்ளைக்கு எதைக் கற்றுத் தரும் என்று எண்ணிப் பார்ப்பது குறைவே. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைச் செய்து வரும் இரு நாடுகள் உள்ளன. அவை பிரான்சும் ஜெர்மனியும் ஆகும். அவற்றின் அனுபவத்தை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

அவ்விரு நாடுகளும் 1870, 1914, 1939 என எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை போரில் மோதியவை. 1916-இல் வெர்டன் போர்க்களத்தில் மட்டும் இரு தரப்பிலுமாகச் சுமார் 3 லட்சம் வீரர்கள் மாண்டனர். 1944 ஜூன் 10 அன்று ஒராதூர் என்னும் பிரெஞ்சுக் கிராமத்தில் 600-க்கும் மேற்பட்ட மக்களை, குழந்தைகள் உட்பட, நாஜிப் படையினர் கொன்றொழித்தனர். அக்கிராமத்தின் இடிபாடுகள் நினைவுச் சின்னமாக இன்றும் அப்படியே காக்கப்படுகின்றன. தந்தையையோ அண்ணனையோ போரில் இழந்த ஒரு குடும்பம், எதிரி நாட்டுப் பிள்ளைக்குத் தன் வீட்டில் படுக்கை விரித்துச் சோறு படைக்க எவ்வாறு இசையும்?

ஆனாலும் இசைந்தார்கள். வழிகாட்டியவர்களுள் ஒருவர் ஜோசப் ரொவான். நாஜிகளின் டாஹாவ் வதைமுகாமில் கைதியாக இருந்து 1945-இல் மீண்டவர் அவர். பழிவாங்கும் உரிமை வேறு எவரையும் விட அவருக்கே இருந்தது. அவரோ அதே ஆண்டில் எழுதிய கட்டுரையில், நாளைய ஜெர்மனி எவ்வாறு அமையும் என்பது பிரான்ஸ் அதனிடம் நடந்துகொள்ளும் முறையையும் பொறுத்தது என்று வாதிட்டார். 1950-இல் பிரான்சின் மோன்பெலியார் நகரமும் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் நகரமும் இரட்டை நகரங்களாக உறவு பூண்டன. அதே லுட்விக்ஸ்பர்க்கில் 1962 செப்டம்பர் 9 அன்று பிரெஞ்சு அதிபர் டி கோல், ஜெர்மானிய இளைஞர்கள் முன்னிலையில் அவர்களுடைய மொழியிலேயே உரையாற்றினார்.

1963 ஜனவரி 22 அன்று டி கோலும் ஜெர்மானியப் பிரதமர் அடினாவரும் எலிசே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். அவ்வாண்டு ஜூலை 5 அன்று பிரெஞ்சு–ஜெர்மன் இளைஞர் அலுவலகம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் செலவை இரு அரசுகளும் சரிபாதியாக ஏற்கின்றன. இதுவரை 90 லட்சத்திற்கும் மேற்பட்ட இளையோர் அதன் வாயிலாக ஒருவர் நாட்டிற்கு மற்றவர் சென்று வந்துள்ளனர்.

இத்திட்டம் நடைபெறும் முறையை நாம் கவனிக்க வேண்டும். இரு பள்ளிகளின் ஆசிரியர்கள் தம் மாணவர்களை இருவர் இருவராக இணைக்கின்றனர். பிள்ளைகள் முதலில் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி அறிமுகமாகின்றனர். பிறகு ஒரு வகுப்பு மற்றொன்றின் ஊருக்குச் சென்று ஒரு வாரமோ பத்து நாளோ தங்குகிறது. தங்குவது விடுதியில் அன்று, தன் இணை மாணவனின் வீட்டில். சில மாதங்களில் விருந்தோம்பிய பிள்ளை விருந்தாளியாகிறான். 1989 முதல் நடைபெறும் பிரிஜித் சோசே திட்டத்தில் இத்தங்கல் இரண்டு மூன்று மாதங்கள் வரை நீள்கிறது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய வோல்டேர் திட்டத்திலோ ஆறு மாதம் ஒரு நாட்டிலும் ஆறு மாதம் மறு நாட்டிலுமாக ஓராண்டு கழிகிறது.

இதில் கற்பவன் பயணம் செல்லும் பிள்ளை மட்டும் என்று நாம் கருதிவிடக் கூடாது. வீட்டிலிருந்து விருந்தோம்பும் பிள்ளையும் அதே அளவு கற்கிறான். ஜெர்மானிய வீடுகளில் இரவு உணவு பெரும்பாலும் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாகச் சீக்கிரமே முடிந்துவிடும். பிரெஞ்சு வீட்டில் இரவு எட்டு மணிக்குத்தான் சூடான உணவுடன் குடும்பம் அமரும். “ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?” என்று விருந்தாளி கேட்கும்போது, தன் வீட்டு வழக்கத்திற்குக் காரணம் தேட வேண்டிய கட்டாயம் அப்பிள்ளைக்கு முதன்முறையாக நேர்கிறது. விருந்தாளியின் தட்டுத்தடுமாறும் பேச்சைக் கேலி செய்தால், அடுத்த முறை அவன் ஊரில் தானும் அவ்வாறே தடுமாற வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். முறை மாறி வரும் என்ற அந்த ஏற்பாடு ஆயிரம் அறிவுரைகளுக்குச் சமம்.

இதன் பயன் வெறும் நட்போடு நின்றுவிடவில்லை. ஒப்பந்தத்தின் 40-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2003 ஜனவரியில் பெர்லினில் கூடிய இரு நாட்டு மாணவர் மன்றம், இரு நாட்டிற்கும் ஒரே வரலாற்றுப் பாடநூல் வேண்டும் என்று கேட்டது. பிள்ளைகளின் அக்கோரிக்கையைப் பெரியவர்கள் ஏற்றனர். 2006, 2008, 2011 ஆகிய ஆண்டுகளில் அந்நூல் மூன்று தொகுதிகளாக, ஒரே உள்ளடக்கத்துடன் இரு மொழிகளிலும் வெளிவந்தது. பாட்டன்மார் போரிட்ட வரலாற்றைப் பேரப்பிள்ளைகள் ஒரே ஏட்டில் படிக்கும் நிலை உருவாயிற்று.

குறைகளும் உண்டு. ஒருவர் மொழியை மற்றவர் கற்கும் மாணவர் எண்ணிக்கை இரு நாட்டிலும் குறைந்து வந்துள்ளது. மொழிப்பாடம் படிக்கும், ஓரளவு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே இவ்வாய்ப்பு எளிதாகக் கிட்டுகிறது. ஆகவேதான் தொழிற்கல்வி மாணவர்களையும் வசதி குறைந்த பிள்ளைகளையும் சேர்ப்பதற்கு அவ்வலுவலகம் தனி முயற்சி மேற்கொள்கிறது.

இம்முன்மாதிரி பிற நாடுகளுக்கும் பரவியது. ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க முடியாது. அத்தகைய கொடுமையைக் கண்ட போஸ்னியாவும், செர்பியா, கொசோவோ, அல்பேனியா, மாண்டிநீக்ரோ, வட மாசிடோனியா ஆகியவையும் சேர்ந்து 2016 ஜூலை 4 அன்று ஓர் இளைஞர் ஒத்துழைப்பு அலுவலகத்தை நிறுவின. பிரெஞ்சு–ஜெர்மன் அலுவலகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அதன் தலைமையகம் அல்பேனியத் தலைநகர் திரானாவில் உள்ளது. அங்கும் பள்ளிப் பிள்ளைகள் எல்லை கடந்து சென்று சந்தித்து வருகின்றனர். நீதி கோருவதையோ நடந்ததை நினைவுகூர்வதையோ இது எவரிடமிருந்தும் பறிக்கவில்லை. பழைய கணக்கைப் பிஞ்சுத் தோள்களில் ஏற்றாதிருக்க மட்டுமே வழி செய்கிறது.

பெருமக்களே! தலைவர்கள் கையொப்பமிட்டுச் சென்ற ஒப்பந்தம் தாளில் இருந்தது. சொந்தத்தை இழந்தும் எதிரி நாட்டுப் பிள்ளைக்குக் கதவைத் திறந்த தாய்மார்களும், தன் அறையில் பாதியைக் கொடுத்த பிள்ளைகளும்தான் அதற்கு உயிர் கொடுத்தனர். நம் வாசலுக்கு வேற்று நாட்டுப் பிள்ளை ஒருவன் வரும் நாளில், உபசரிக்கும் பொறுப்பை நம் பிள்ளைகளிடமே ஒப்படைப்போம். உணவு பரிமாறவும், ஊரைச் சுற்றிக் காட்டவும், கேள்விகளுக்கு விடை சொல்லவும் அவர்களை விடுவோம். அவர்கள் திணறினாலும் நாம் குறுக்கிடாதிருப்போம். அந்தத் திணறலில்தான் அவர்கள் வளர்கிறார்கள்.