பாஷை வந்தால்தான் இரட்சிப்பா?

எனக்கு ஊர் தென்காசி. எங்க அம்மா சின்ன வயசிலிருந்து சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போறவங்க. வேறு சபைக்குப் போன எங்க அக்கா, குற்றாலத்துல குளிக்க வந்த இடத்துல கேட்டா: "அந்நிய பாஷை பேசாத உங்களுக்கு இரட்சிப்பு ஏதும்மா?" அன்றிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சில்லை.

அந்நிய பாஷையை நான் கேலி பண்ணலை. 1906-ல் அமெரிக்காவின் அசுசா தெரு எழுப்புதலுக்கு முன்பே, 1860-ல் நம்ம திருநெல்வேலிச் சீமையில், அருளப்பன் ஐயா காலத்து எழுப்புதலில் அது கேட்டிருக்கு. ஆனா பவுல் அதைப் பல வரங்களில் ஒன்றாகத்தானே கொரிந்தியருக்கு எழுதினார்? பெந்தெகொஸ்தேக்காரர் பலரே அதை இரட்சிப்புக்கு நிபந்தனையாக்குவதில்லையே!

அருவியில கத்திக் குளிக்கிறவனும் நனையறான், வாய்மூடி நிற்கிறவனும் நனையறான். கிருபையும் அப்படித்தான்.

அக்கா, டி.வி. பார்த்துக்கிட்டிருந்தா, அம்மாகிட்ட நம்ம பாஷையில ஒரு வார்த்தை பேசு!