சூட்டுக்கடுப்பு என்று நினைத்தது

பழவேற்காட்டுக் கூனங்குப்பமோ அரங்கங்குப்பமோ, மீன்பிடிக்கும் முறையான 'பாடு' வந்த நாளில் ஏரியில் வலைகட்டி நிற்பவர் எத்தனை முறை தண்ணீர் குடிப்பார்? சிறுநீர் எரிந்தால் 'சூட்டுக்கடுப்பு' என்று மோரைக் குடித்துவிட்டு மறுநாள் படகேறிவிடுவார். பல நேரம் சரியாகவும் போய்விடும். நான் பேச வந்தது, சரியாகப் போகாத எரிச்சலைப் பற்றி.

பெருங்குடலின் கடைசி வளைவும் மலக்குடலும் சிறுநீர்ப்பைக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன. பெண்களுக்கு நடுவே கர்ப்பப்பை தடுப்பாக நிற்கிறது. ஆண்களுக்கு அந்தத் தடுப்பு இல்லை. குடலில் வளரும் புற்று சுவரைத் துளைத்துக்கொண்டு போனால், அடுத்த வீடு சிறுநீர்ப்பைதான். அங்கே ஓட்டை விழுந்தால் சிறுநீரோடு காற்றுக் குமிழிகள் வரும். மலத்துகள் கலந்து, கலங்கி நாறும். மாத்திரை போட்டால் கிருமி அடங்கும், சில நாளில் திரும்பும். ஓட்டை அப்படியே இருக்கிறதே! சிலருக்குக் கட்டி சிறுநீர்க்குழாயை நெரிக்கும். மேலே சிறுநீரகம் சத்தமில்லாமல் வீங்கும்.

காற்று வந்தாலே புற்றுநோய் என்று நடுங்கவும் வேண்டாம். குடல் சுவர் சிறு பைகளாகப் பிதுங்கிச் சீழ்பிடித்தாலும் இதே ஓட்டை விழும். எதுவானாலும் மோரில் தீராது.

நோய்க்குப் பெயர் தவறுவது படிக்காதவர் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1920களில் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்றே நினைத்தார்கள். அக்காவே டாக்டராக இருந்த வீடு அது. அந்தத் துயரம்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது.

சிறுநீர்ப்பையைத் தொட்டுவிட்டதா, அப்போதே கதை முடிந்தது என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அது தவறு. வேறெங்கும் பரவாமல் இருந்தால், குடலையும் அதோடு ஒட்டிய பையின் பகுதியையும் சேர்த்தே வெட்டியெடுத்து, மீதிப் பையைத் தைத்துவிட முடியும். முழுப் பையையும் எடுக்க நேர்ந்தால், வயிற்றில் வழி வைத்து வெளிப்பையில் சிறுநீர் சேரவிடுவார்கள். கஷ்டம்தான். அதோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன். மலத்தில் ரத்தம் வந்ததை 'மூலம்' என்று மருந்துக்கடையிலும், சிறுநீர் எரிவதை வேறொரு டாக்டரிடமும் சொல்லாதீர்கள். இரண்டும் ஒரே கட்டியின் வேலையாக இருக்கலாம். பொன்னேரி அரசு மருத்துவமனையோ, சென்னை ஸ்டான்லியோ, எங்கே போனாலும் வெட்கப்படாமல் இரண்டையும் ஒரே டாக்டரிடம் சொல்லுங்கள்.