ஈடா, ஈகையா?

(திருமுல்லைவாயிலில் நிகழ்த்திய உரை)



முல்லைக் கொடியால் பெயர்பெற்ற ஊர் இது. இதன் சுற்றுப்புறத்தே ஏரிநீர் பாய்ந்த நன்செய்கள் பல இன்று மனைகளாகிவிட்டன. 2023 திசம்பரில் மிக்சாம் புயல்மழை கொட்டியபோது, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளில் நீர் தன் பழைய இடத்தைத் தேடி வீடுகளுக்குள் வந்தது. அந்நாள்களிலேயே, இதே திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கங்களில் நெற்பயிர் நீருக்குள் கிடந்தது. வீட்டில் புகுந்த நீரை எல்லாரும் கண்டனர். வயலில் நின்ற நீரைக் கண்டவர் சிலர்.

அப்பொழுது தமிழக அரசு அறிவித்த தொகை, நெல்லுக்கு எக்டேருக்கு 17,000 உருபா. வானவாரிப் பயிருக்கு (மானாவாரி என்பது இதன் திரிபே) 8,500 உருபா. அதுவும் 33 விழுக்காடும் அதற்கு மேலும் அழிந்திருந்தால்தான். 32 விழுக்காடு அழிந்தால் ஒன்றுமில்லை. எக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். கணக்கிட்டுப் பாருங்கள், ஏக்கருக்கு 6,900 உருபாகூடத் தேறாது. உழவு, நாற்று, நடவு, களை, உரம் என்று அத்தனைக்கும் சேர்த்து இது.

இத்தொகைக்கு அரசுத் தாள்களில் வழங்கும் பெயர் 'இடுபொருள் மானியம்', 'இடுபொருள் நிவாரணம்' என்பன. இரண்டும் வடசொற்கள். சொல் வேற்றுமொழியினது என்பது மட்டுமன்று இங்குள்ள குறை. மானியம் என்பது அரசர் மகிழ்ந்து இறையிலியாக ஈந்த நிலத்திற்கு வழங்கிய பெயர். ஈபவர் மனமே அதற்கு அளவு. தமிழிலோ 'இழப்பீடு' என்னும் சொல் உண்டு, இழப்புக்கு ஈடு. ஈடு என்று எழுதிவிட்டால், இழந்தது எவ்வளவு என்று கேட்டே தீரவேண்டும். அக்கேள்விக்கு அஞ்சித்தான் போலும், 'மானியம்' விடாமல் வாழ்கிறது!

ஈபவர் மனமே அளவு என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2021 சனவரியில் நெல்லுக்கு எக்டேருக்கு 20,000 உருபா அறிவிக்கப்பட்டது. 2023 திசம்பரில் 17,000. 2024 திசம்பரில், பெஞ்சல் புயலின்போதும், அதே 17,000. இடைப்பட்ட ஆண்டுகளில் உரமும் கூலியும் குறைந்தனவா?

மாநில அரசுக்கும் இதே நிலைதான். மிக்சாம் புயலுக்கும், அம்மாதமே தென்மாவட்டங்களில் பெய்த பெருமழைக்கும் தமிழகம் கேட்டது ஏறத்தாழ 37,900 கோடி உருபா. 2024 ஏப்பிரலில் உச்ச நயன்மன்றத்தை நாடிய பின்னர், அம்மாத இறுதியில் நடுவணரசு விடுவித்தது 276 கோடி.

இனி, வரும் சிறுதொகையும் யாருக்குச் சேர்கிறது? வருவாய்த்துறையினரும் வேளாண்மைத்துறையினரும் கணக்கெடுக்கையில் அடங்கலைப் பார்க்கின்றனர். பயிரிடுபவர் பெயர் அதில் இருக்கவேண்டும். குத்தகையாளர் உரிமையைப் பதிவுசெய்யும் சட்டம் 1969ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆயினும் வாய்ச்சொல்லால் குத்தகைக்கும் வாரத்திற்கும் உழுபவர் பெயர் ஏட்டில் ஏறுவதில்லை. ஏறினால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என உடையவர் அஞ்சுகிறார். கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காதோ என உழுபவர் அஞ்சுகிறார். பயிர் அழிந்ததும் பணம் உடையவரின் வைப்பகக் கணக்கிற்குப் போகிறது. கடன்பட்டு விதைத்தவர் அவர் வாயிலில் போய் நிற்கிறார்.

பிறந்த ஊரில் நிலத்தை வாரத்திற்கு விட்டுவிட்டு, வேலைக்காக இங்குக் குடியேறியவர்கள் இவ்வவையிலும் இருத்தல் கூடும். அத்தகையோர் அடுத்த மழைக்கு முன் ஊர்சென்று, அடங்கலை வாங்கி, அதில் யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வாருங்கள்.